கலியாணக் கசெற்றில் ஆடியவர்கள்

மொன்றியலிலிருந்து சின்னம்மா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அது தெரியவந்தது. அவர் எங்கள் அப்பாட்மென்டுக்குள் வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றி, தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள்ளேயே, "கலியாண வீடியோவைப் போடு பிள்ளை, அத்தானைப் பாப்பம்" என்றார்.

அத்தான் என்று அவர் சொன்னது என் தகப்பனாரை, நான் ஐயா என்று கூப்பிடுபவரை. என் கலியாணம் திருச்சியில் நடந்தது. கனடாவிலிருந்து மாப்பிள்ளை அங்கே வந்தார். ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து பெரும்பாடுபட்டு வந்து, என்னைக் கைபிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வருடமே இறந்துபோனார். நான் செத்த வீட்டுக்குப் போகவில்லை. போகக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. ஐயா கொண்டுபோன வீடியோப் பிரதி இடம்பெயர்வில் வீட்டோடு போயிற்று. எங்களிடம் இருந்தது இந்தியக் கசெற்றை ஸ்காபரோ பிளாசாக் கடையொன்றில் இங்கத்தைய வீடியோ டெக்கில் ஓடக்கூடியதாக மாற்றி எடுத்தது. பழையதைக் கடைக்காரர் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு அந்தக் கடையும் இல்லாமற் போய்விட்டது. ஆக, ஐயா நடப்பதையும் சிரிப்பதையும் நான் பார்ப்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கசெற்தான்.

அதை உறையிலிருந்து எடுத்து டெக்கில் போட்டேன். நாதஸ்வரம் கேட்கவில்லை. நூறு வயலின்கள் ஒன்றாகக் கேட்டன. திரையில் பளீரென்ற வர்ணத்தில் ஒரு ரயில் நிலையம். ஸ்ரூடியோவில் கட்டியது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் பயணப் பெட்டியை மேலே எறிந்து பிடித்தபடி, சப்பாத்துக்காலால் நிலத்தைத் தட்டித் தட்டி ஆடினான். அவனுக்குப் பின்னால் பயணிகள் எல்லாரும் ஆடினார்கள்.

"இதென்ன, மாப்பிளை மாறிப்போனாரோ?" என்று சின்னம்மா சிரித்தார். என் கணவரின் தாயாரான மாமியும் சிரித்தார். நான் கசெற்றை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதே உறை, உறையின் மேல் என் கையெழுத்தில் எழுதிய அதே துண்டு. திரும்பப் போட்டு முன்னுக்கு ஓடவிட்டேன். ஆட்டம், பாட்டு, ஆட்டம். என் கணவர் தண்ணீர் எடுக்கப்போவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனார்.

படம் முடிந்த இடத்தில் திரை கொஞ்ச நேரம் வெள்ளைப் புள்ளிகளாகப் பொரிந்தது. பிறகு திடீரென்று திருச்சி வந்தது. கலியாண மண்டபத்தின் கடைசிப் பந்தி. வாழை இலைகளை ஆரோ சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் ஐயா சமையற்காரருடன் கதைத்துக்கொண்டு நின்றார். கமெராவுக்கு முதுகைக் காட்டியபடி. அவர் திரும்பவே இல்லை. அதற்குள் கசெற் முடிந்துவிட்டது.

சின்னம்மா என் தலையைத் தடவினார்.

அவர் போனபிறகு கசெற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையாகப் பதிவாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது நடக்க முடியாத காரியம். கலியாணக் கசெற்றுகளின் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டை இருந்தால் டெக் அதில் பதியாது. பிளாசாக் கடைக்காரர் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அதை உடைத்தவர். இப்போது அந்த ஓட்டையின் மேல் செலோரேப் ஒட்டியிருந்தது. அளவாக வெட்டி, விரலால் அழுத்தி, அழகாக ஒட்டியிருந்தது.

மாமிக்கு அதை விளங்கப்படுத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"உது தானா நடந்த வேலை இல்லைப் பிள்ளை" என்றார். "ஆரோ தெரிஞ்சுதான் ஒட்டியிருக்கினம்."

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், என் கணவர், மாமி, நாலாவதாக ஓர் அண்ணை. அண்ணை எங்களுக்குச் சொந்தமில்லை. என் கணவரின் ஊர்க்காரர். எங்கள் இரண்டாவது அறையில் வாடகைக்கு இருந்தார், மாமி வரவேற்பறையில் படுத்தார். அண்ணைக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். மனைவியும் பிள்ளைகளும் இன்னும் ஊரில். நகரத்துக்குள் ஒரு ரெஸ்ரோரன்டில் சமையல் வேலை. திங்கட்கிழமைதான் அவருக்கு லீவு. அன்றைக்கு அறைக்குள் இருந்து பிள்ளைகளுக்கு அனுப்பும் பார்சல்களைக் கட்டுவார். அவருடைய மேசையில் எப்போதும் ஒரு பெரிய செலோரேப் உருளை இருக்கும்.

மாமிக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும், உண்மையைச் சொன்னால், போதுமாகத்தான் இருந்தது. மாமிக்கு டெக்கில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாது. நான் செய்யவில்லை. என் கணவர் ஐயாவின் மேல் எவ்வளவு மரியாதை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். மிச்சம் ஒருவர்.

சந்தேகம் வந்தபிறகு ஒரு மனிதர் எவ்வளவு மாறிப்போகிறார்! அண்ணை முன்பும் அறைக்கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார். இப்போது ஏன் சாத்துகிறார் என்று யோசித்தேன். முன்பும் சத்தமில்லாமல்தான் நடப்பார். இப்போது அது பதுங்கி நடப்பதாகத் தெரிந்தது. ஒருநாள் டெலிபோனில் யாரோடோ கதைத்துச் சிரித்தார். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். எங்களைப் பற்றித்தான் சொல்லிச் சிரிக்கிறார் என்று அன்று முழுக்க மனம் கொதித்தது.

கடைசியில் அவரிடமே கேட்டேன். சண்டைக்காரி போல இல்லாமல், சாதாரணமாகக் கேட்பதுபோல. அண்ணை கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு உந்த டெக்கிலை கைவைக்கவே தெரியாது, தங்கச்சி" என்றார்.

அது பொய். ஒரு திங்கட்கிழமை நான் வேலையால் நேரத்தோடு வந்தபோது அவர் அதில் தமிழ்ப் படம் பார்த்துக்கொண்டிருந்ததையும், என்னைக் கண்டதும் அவசரமாக நிறுத்தியதையும் நான் கண்டிருந்தேன். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் சாமானைத் தொட்டதாக இருக்கக் கூடாதென்று பயந்து அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அன்று அந்தப் பொய்யோடு என் மனதில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

மாமி மறைத்துப் பேசத் தெரியாதவர். இரவுச் சாப்பாட்டில் அண்ணை இருக்கும்போதே, செத்துப்போன மனுசனை அழிச்ச கை எப்பிடிச் சோத்தைக் குழைச்சுச் சாப்பிடுகுதோ என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் "அம்மா, விடணை" என்றார். அவ்வளவுதான். அண்ணை சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மாதம் முடிந்ததும் டோர்செட் பார்க் பகுதியில் தெரிந்த பொடியளோடு இருக்கப்போவதாகச் சொல்லி இரண்டு பெட்டிகளுடன் இறங்கினார். என் கணவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவர் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அண்ணை போனபிறகு வீட்டில் நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

நான் அப்போது ஒரு பக்கிங் கொம்பனியில் காலை வேலை செய்தேன். பின்னேரம் வந்ததும், அண்ணையின் அறைக்கு மாறிவிட்ட மாமி நித்திரையாக இருக்கும் நேரத்தில், கசெற்றைப் போட்டு ஐயாவின் முதுகைப் பார்ப்பேன். அதற்குப் போவதென்றால் அந்தப் படத்தைக் கடந்துதான் போகவேண்டும். முதலில் வேகமாக ஓடவிட்டேன். வேகத்தில் ஆடுபவர்கள் எறும்புகளைப் போல ஓடித் திரிந்தார்கள், அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஒருநாள் றிமோட் கைக்கெட்டாத இடத்தில் கிடந்தது. எழும்பப் பஞ்சியில் அப்படியே ஓடட்டும் என்று விட்டேன். அதிலிருந்து நான் அந்தப் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவனுக்கும், அங்கே பூ விற்கிற ஒருத்திக்கும் காதல். அவள் வேறொருவனோடு ரயிலேறப் போகிறாள். கடைசியில் ஒரு நீண்ட ஆட்டம் வருகிறது. ஒரு வார்த்தை கிடையாது. நிலையம் முழுவதும் இருட்டாகி, அவன் மட்டும் வெளிச்சத்தில் நிற்பான். இசைக்குழு முழுதும் அடங்கி, ஒரு கிளாரினெற் மட்டும் தனியாக மேலே ஏறும். பிறகு எல்லா வாத்தியங்களும் ஒரேயடியாக வந்து விழும், நிலையம் நிறைய ஆட்கள் பெட்டிகளோடு சுழலுவார்கள். ஐயாவை அழித்த படம் என்று வெறுத்துக்கொண்டே அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்க்கும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. படத்தின் நடுவில் ஓரிடத்தில் காட்சி ஒரு துள்ளுத் துள்ளியது. கண்ணாடி போட்ட ஒரு மனிதர் நாற்காலியில் இருந்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வெட்டு. உடனே படம் தொடர்ந்தது. அந்த மனிதரை எனக்குத் தெரியும். விளம்பரம் போடாத ஒரு சனலில் சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய படம் போட்டு, இடையில் வந்து அதைப் பற்றிக் கதைப்பவர். அவர் வாயைத் திறந்ததும் யாரோ றிமோட்டால் பதிவை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் கதைத்து முடியும்வரை காத்திருந்து, சரியாக மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் இருந்து பார்த்தவரின் வேலை அது.

சனிக்கிழமை பின்னேரம். ரெஸ்ரோரன்டில் சனிக்கிழமைதான் சனம் கூடின நாள். அண்ணை ஒரு சனிக்கிழமை கூடப் பின்னேரம் வீட்டில் நின்றதில்லை. காய்ச்சலோடும் வேலைக்குப் போனவர்.

அப்படியென்றால் யார்? பொங்கலுக்கு நாங்கள் கலியாண வீடியோவைப் பார்த்தபோது அது முழுதாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பக்கத்து அப்பாட்மென்ட் அன்ரி என்னையும் மாமியையும் தன் காரில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஒரு சனிக்கிழமை. நாரி நோகுது, நீங்கள் போட்டு வாங்கோ என்று இடுப்பைப் பிடித்தபடி சொல்லி வீட்டில் நின்றவர் என் கணவர். நாங்கள் திரும்பி வந்தபோது சோபாவில் கால்நீட்டியபடி மிகவும் சந்தோஷமாக இருந்தார். நாரி சுகமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் கண் அவரைத் தொடர்ந்தது. சின்னம்மா இருந்த அன்று அவர் தண்ணீர் எடுக்க எழும்பிப் போனதும், மாமி ஏசியபோது குரலில் பலமில்லாமல் தடுத்ததும், அண்ணையை விட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்ததும் வேறு விதமாகத் தெரிந்தன. ஆனால் அவர் வாயால் கேட்கவேண்டும் என்று பொறுத்துக்கொண்டேன். கேட்டால் இல்லை என்பார் என்று பயமாக இருந்தது. அண்ணை சொன்ன பொய்யைத் தாங்கினேன், இவர் சொன்னால் தாங்கமாட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். மாமி அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். கடைகளில் காசில்லாமல் கிடைக்கும் தமிழ்ப் பேப்பரை என் கணவர் விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் கசெற்றைப் போட்டு, கடைசி ஆட்டம் தொடங்கும் இடத்தில் விட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பேப்பரின் பக்கத்தையும் திருப்பவில்லை. நான் படத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயலின்கள் அடங்கிக்கொண்டு வந்தன. கிளாரினெற் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, மிக மெல்லிதாக, பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் அதை முணுமுணுத்தார்.

"அது இனித்தான் வரும்" என்றேன்.

முணுமுணுப்பு நின்றது. ரீவியில் கிளாரினெற் மேலே ஏறியது. அவர் பேப்பரை மடித்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாமல் நடந்தது" என்றார். "தமிழ்ப் படக் கொப்பி ஒண்டு கிடந்தது. அதுக்கு மேலை எடுப்பம் எண்டு ஓட்டையிலை ஒட்டிப்போட்டு எடுத்தன். உறையள் மாறிக் கிடந்திருக்கு. அடுத்தநாள் போட்டுப் பாக்கேக்கைதான் கடைசியிலை கலியாண வீடு வந்தது. எனக்குச் சீவன் போட்டுது. உம்மட்டைச் சொல்ல ஏலாமல் கலியாண உறையிலையே திருப்பி வைச்சிட்டன்."

உறைகளை மாற்றி வைத்தது பெரும்பாலும் மாமியாக இருக்கவேண்டும். தூசி தட்டும்போது எல்லாவற்றையும் வெளியே எடுப்பவர் அவர். அதை நம்பினேன். ஆனால் இரவும் பகலும் வேலைவேலை என்று திரிகிறவருக்கு, ஒருநாளும் இங்கிலிஷ் படம் பார்க்காதவருக்கு, இந்த ஆட்டப் படம் எதற்கு என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். கனடாவுக்கு வருவதற்காக ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பில் லொட்ஜொன்றில் காத்திருந்த காலம். பொலிஸ் எந்த நேரமும் வந்து தட்டும். இளந்தாரி, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. பகலில் லொட்ஜில் இருக்கவும் பயம், றோட்டில் நிற்கவும் பயம். ஒரு பழைய தியேட்டரில் மத்தியானத்தில் இந்தப் படம் போட்டார்கள். சனம் இல்லாத தியேட்டர். டிக்கற்றை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய் இருந்துவிடுவாராம். முடிந்ததும் வெளியே வந்து, அடுத்தநாள் மறுபடி அதே படம்.

"அதுக்குள்ளை ஒருத்தரும் ஐடென்ரிற்றி கேக்கமாட்டினம்" என்றார். "பாஷை விளங்கேல்லை. ஆட்டமும் மியூசிக்கும்தான். அந்த மியூசிக் போற நேரத்துக்கு மட்டும் பயப்பிடாமல் இருந்தனான். இஞ்சை ரீவியிலை வருகுதெண்டு கண்ட உடனை எனக்கு வேறையொண்டும் ஓடேல்லை."

எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கோபம் முழுதாகப் போகவில்லை. கசெற்றுக்கான கோபம் அங்கேயே அப்போதே போய்விட்டது, உண்மை. மற்றது இருந்தது.

"அண்ணை போகேக்கை பேசாமல் இருந்தியளே. சந்தேகப்படுற ஆக்களுக்கு நடுவிலை இருக்கிறது எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் மடித்த பேப்பரைத் திரும்ப விரித்தார். "அம்மா முதல்நாள் சொல்லேக்கை சொல்லியிருக்கலாம்" என்றார். "பிறகு ஒவ்வொரு நாளும் பாரமாப் போச்சு."

அடுத்த திங்கட்கிழமை இருவருமாக டோர்செட் பார்க்குக்குப் போனோம். அப்பாட்மென்டில் மற்றப் பொடியள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணை தனியே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு திகைக்கவில்லை. மெத்தையிலிருந்த உடுப்புகளைத் தள்ளி இடம் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி போட்டார். என் கணவர் கோப்பையைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னார். நானும் என் பங்குக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அண்ணை வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். "வீட்டிலை நாலு பேர். நான் செய்யேல்லை. தகப்பன் செத்த பிள்ளை செய்யாது. உன்ரை அம்மாவுக்கு ரீவி போடவே தெரியாது."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீர் என்னை நம்பியிருப்பீரோ?"

நாங்கள் மூவரும் தேத்தண்ணியைக் குடித்தோம். திரும்பி வந்து எங்களோடு இருக்கும்படி என் கணவர் கெஞ்சினார். அண்ணை மாட்டேன் என்று சொல்லவில்லை. இங்கிருந்து வேலைக்கு பஸ் வசதி என்றார். கிளம்பும்போது, தான் வீடு மாறக் காரணமான படம் எப்படிப்பட்டதென்று ஒருக்கால் பார்க்கவேணும் என்று மட்டும் சொன்னார்.

காரில் வரும்போது இன்னொன்று என் மனதை அரித்தது. கொழும்புத் தியேட்டருக்குத் தனியாகவா போனீர்கள் என்று என் கணவரைக் கேட்டேன். அவர் ஓம் என்றார். சிக்னல் பச்சைக்கு மாறி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தபிறகுதான் அந்த ஓம் வந்தது. நான் மேலே கேட்கவில்லை. ஆனால் நாள்தோறும் ஒரே படத்துக்குப் போகும் ஒருவர் தனியாகத்தான் போயிருப்பாரா என்று, அவர் பாத்றூமில் அந்தக் கிளாரினெற் மெட்டை முணுமுணுக்கும் போதெல்லாம், காதைத் தீட்டிக்கொண்டு யோசித்திருக்கிறேன். பூ விற்கும் பெண் வருகிற காட்சியில் அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்திருக்கிறேன். மாறுவதுபோலவும் இருக்கும், இல்லைப்போலவும் இருக்கும்.

அண்ணை சொன்னபடி ஒரு திங்கட்கிழமை வந்தார். மாமிக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. தன் மகன்தான் என்று கேட்டதும் அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அன்று விடியவே எழும்பி, அண்ணைக்குப் பிடித்த நண்டுக் கறி வைத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணையும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு எல்லாருமாக இருந்து படம் பார்த்தோம். பெட்டி தூக்குகிறவனும் பூக்காரியும் கதைக்கும் இடங்களில் அண்ணைக்குக் கொட்டாவி வந்தது. கடைசி ஆட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து, திரை பொரிந்து, திருச்சி மண்டபத்தில் ஐயாவின் முதுகு தெரிந்தபோது, என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணை எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"உங்கடை ஐயாவோ?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். "நல்ல உயரமான மனுசன்" என்றார்.

அண்ணையின் குடும்பம் சில வருடங்களில் வந்து சேர்ந்தது. விமான நிலையத்துக்கு என் கணவரைத்தான் காரோடு கூப்பிட்டார். கோயிலில் கண்டால் நின்று கதைப்பார், பிள்ளைகளைக் காட்டுவார், என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வரும்போது, சோபாவில் றிமோட் கிடந்தால், அதைத் தொடாமல் சற்றுத் தள்ளித்தான் உட்காருவார்.